ஓட்டை இருக்குதுங்களா மாப்ளே?

நெம்ப அழகான தொட்டிங்க மாப்ளே. கண்ணு கூசுது. தங்க நெறத்துல மயிலு வேற வரைஞ்சிருக்குது. தலைகீழாத் திருப்பிப் பாத்தேன், ஓட்டையக் காணோம். தண்ணி சொட்டி டைல்ஸு கறையாயிரக் கூடாதுன்னு கடைக்காரரே யோசனை பண்ணி ஓட்டை போடாம குடுத்தாருன்னு எங்க அம்மிணி சொன்னா. கெட்டிக்காரருங்க. டைல்ஸுக்கு ஒண்ணும் ஆகாது. செடிய என்ன பண்றதுன்னு அவரு சொல்லலீங்களா? எப்படிங்க சொல்லுவாரு, செத்துதுன்னா மறுக்கா அவருகிட்டத்தானே போகோணும்.

"அடியில 2 இஞ்சு ஜல்லி போட்டிருக்கறேன் மாமா, தண்ணி அதுக்குள்ள எறங்கிக்கும்"கறீங்க. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். இருந்தாலும் பொழுது போகாத நேரத்துல ஒரு வேலை பண்ணுங்க. பாத்திரம் தேய்க்கற ஸ்பாஞ்சு புதுசா ஒண்ணை எடுத்து, தண்ணியில முக்கி, படுக்கை வாக்குல புடிங்க. சொட்டறது நிக்கற வரைக்கும் சித்த பொறுங்க. நின்னுதுங்களா? இப்ப அதையே நெட்டுக்குத்தா நிமித்துங்க. மறுபடியும் சொட்டும் பாருங்க. தொட்டிக்குள்ளயும் இதேதான் நடக்குது. எந்த மண்ணைப் போட்டாலும் அதோட அடி மட்டத்துல ஒரு பட்டைக்குத் தண்ணி நின்னுக்கும். அந்தப் பட்டையோட ஒசரம் மண்ணைப் பொறுத்தது, தொட்டியப் பொறுத்ததில்லீங்க. குட்டைத் தொட்டின்னா பாதித் தொட்டி சேறு. நெட்டைத் தொட்டின்னா அடியில மட்டும் சேறு. ஜல்லி போட்டா மண்ணுல இருந்து ஜல்லிக்குள்ள தண்ணி சுளுவா எறங்காது, ஜல்லிக்கு மேலயே உக்காந்துக்கும். சேத்தை 2 இஞ்சு மேல தூக்கி நேரா வேருகிட்டக் கொண்டு போய்க் குடுத்திருக்கறீங்க. ஜல்லிக்குக் குடுத்த காசுல ஒரு டிரில்லு வாடகைக்கு எடுத்திருந்தா மயிலுக்கு அடியில நாலு ஓட்டை போட்டிருக்கலாமுங்க. ஓட்டை மேல ஒரு ஓட்டாஞ்சில்லு, இல்லாட்டி கிழிஞ்ச கொசுவலை. மண்ணு ஓடாம இருக்க அது போதும்.

போகட்டும், உங்க மல்லிப்பூக் குச்சிக்கு வருவோம். மண்புழு உரம், சாணி எரு, எலும்புத் தூளு, அதுக்கு மேல பஞ்சகவ்யம். வாயே இல்லாததுக்குப் பந்தி விரிச்சிருக்கறீங்க. வேரில்லாத குச்சி எதுலீங்க உறிஞ்சும்? வேரு விடறதுக்கு வேண்டிய சத்து அந்தக் குச்சிக்குள்ளயே இருக்குது. வெளியில இருந்து அது கேக்கறது காத்து, ஈரம், நெழலு, இத்தனைதான். நீங்க போட்டதுல காத்து பூர எடமில்லை. வெட்டின நுனி கருத்துப் போய், மோந்து பாத்தா புளிச்ச வாடை அடிச்சுதுன்னு சொன்னீங்களே, அழுகிப் போச்சுங்க.

மதுரை மல்லிக்கு 2013-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க. பேரு மதுரையோடது. பதியன் பெரும்பாலும் எங்கிருந்து போகுதுன்னு நெனைக்கறீங்க? ராமேஸ்வரம் தீவுல இருக்கற தங்கச்சிமடத்துல இருந்துங்க. சுத்தியும் கடலு, காலு வெச்சாப் பொதையற மணலு. அதுலதான் குச்சி வேரு புடிக்குது. புடிச்ச பொறகுதான் மதுரைச் சீமைக்குப் போய்ச் சத்துள்ள மண்ணைத் திங்குது. மணலுல என்ன இருக்குதுன்னு கேட்டா ஒண்ணுமில்லை. அந்த ஒண்ணுமில்லாததுதான் அதோட தெறமை.

அதுக்காக நீங்க கார் எடுத்துட்டுப் போய்க் கடற்கரை மணலை அள்ளீட்டு வந்துராதீங்க, நேரா அள்ளினா உப்பு இருக்கும். கழுவின மணலு பாதி, கோகோபீட்டு பாதி. மணலு கெடைக்காட்டி எம்-சாண்டைச் சலிச்சு, மாவு மாதிரி இருக்கறதைக் கொட்டீட்டு மேல நிக்கற பொடிக்கல்லை எடுங்க. உமியைத் தீய்ச்ச கரியும் ஆகும், அலசிப் போடோணும். ஒரு சாண் குச்சி, கணுவுக்குக் கீழ ஒட்டி வெட்டு, ரெண்டு கணு உள்ள, ஒண்ணோ ரெண்டோ வெளியில. எலைய முக்காவாசி கிள்ளிருங்க. வேரு விடற பவுடரு வாங்கியிருந்தா நுனிய மட்டும் தொட்டு, தட்டி உட்டுட்டு நடுங்க. எச்சாத் தொட்டா எச்சா வேரு வராது, நுனி கருகிப் போகும்.

தழை வந்திருச்சுன்னு போன மாசம் போட்டோ அனுப்பிச்சீங்கல்ல, அப்பவே சிரிச்சேன். குச்சி தனக்குள்ள இருக்கற சத்தை வெச்சு ரெண்டு எலைய விட்டுக் காட்டும், கீழ ஒரு மயிரு வேரு கூட இருக்காது. அதை நம்பி வெயிலுல கொண்டு போய் வெச்சீங்க. புடுங்கிப் புடுங்கிப் பாக்கறதும் ஆகாது. கண்ணாடி மாதிரித் தெரியற பிளாஸ்டிக் டம்ளருல ஓட்டை போட்டு நடுங்க, வெளிச்சம் படாம அதை இன்னொரு டம்ளருக்குள்ள எறக்கி வையுங்க. வேணுங்கறப்போ தூக்கிப் பாத்துக்கலாம். வெள்ளையா நூலு ஓடியிருந்தா அப்ப அனுப்புங்க போட்டோவை.

கோகோபீட்டுன்னதும் ஞாபகம் வருது. நீங்க கோயமுத்தூர்ல வாங்கி ஒறை பிரிக்கறது எங்க பொள்ளாச்சி மஞ்சி மில்லுல நாரு எடுத்த பொறகு மிஞ்சற தூளுங்க. ஒரு காலத்துல அதை அள்ளீட்டுப் போறதுக்கு ஆளில்லாம மலையாட்டம் குமிஞ்சு கெடந்துச்சு. இப்ப கட்டியா அமுக்கிக் கப்பலேத்தறாங்க. 5 கிலோ கட்டி ஒண்ணைத் தண்ணியில போட்டா சுமாரா 70 லிட்டருக்கு உப்பி வரும். பக்கெட்டுல போட்டுட்டு ஆபீஸுக்குப் போயிட்டீங்களாமா, பாத்ரூம் பூராவும் வழிஞ்சு கெடந்துதுன்னு அம்மிணி போனுல அழுதா.

அதுல உப்பு இருக்குதுங்க. தேங்காமட்டையிலயே சோடியமும் பொட்டாசியமும் உண்டு, உப்புத் தண்ணியில ஊற வெச்ச மட்டைன்னா கேக்கவே வேண்டாம். ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில ஊறப் போட்டுப் புழிஞ்சு கொட்டோணும். சிவப்புத் தண்ணி வெளுத்துருச்சுன்னா உப்புப் போயிருச்சுன்னு அர்த்தமில்லீங்க, நெறம் வேற, உப்பு வேற. உப்பை அளக்கற ஈசி மீட்டரு வாங்கி ஷோகேஸுல வெச்சிருக்கறீங்கல்ல, அதை எடுத்து அந்தத் தண்ணியில முக்குங்க. 1-க்குக் கீழ காட்டினா நாத்துக்கு ஆகும். நாரோட ஒட்டிக்கிட்ட சோடியம் வெறும் தண்ணிக்கு அசையாது. அதுக்குத்தான் ஏத்துமதிக்காரங்க கால்சியம் நைட்ரேட்டுக் கரைசலுல ஊற வெச்சு மறுபடி அலசறாங்க. இன்னொண்ணு, மேலாப்புல காஞ்சு வெளுத்துத் தெரியும், ஒரு வெரலு உள்ள உட்டா சொத சொதன்னு இருக்கும். கண்ணை நம்பித் தண்ணி ஊத்தாதீங்க, தொட்டியத் தூக்கி எடையப் பாத்து ஊத்துங்க.

காய்கறி நாத்துக்குக் குழித்தட்டு போதும். நம்ம வேளாண் பல்கலைக்கழகத்துக் கணக்கு 300 கிலோ கோகோபீட்டுக்கு வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ, அசோஸ்பைரில்லமும் பாஸ்போபாக்டீரியாவும் 1 கிலோ வீதம். 98 குழித் தட்டு ஒண்ணை நெரப்ப 1.2 கிலோ கோகோபீட்டு புடிக்கும். வகுத்துப் பாத்தா ஒரு தட்டுக்குப் புண்ணாக்கு 20 கிராம் வருதுங்க. நீங்க ஒரு கிலோ பாக்கெட்டையே ஒட்டுக்காக் கொட்டியிருக்கறீங்க. மனசு பெருசு. தக்காளி நாத்து 25 நாளுல, மொளகா 40 நாளுக்குள்ள எடம் மாறீரோணும். தட்டுலயே விட்டா வேரு சுத்திச் சுத்தி முடிச்சுப் போட்டுக்கும். முட்டை ஓட்டுல நாத்து வளத்தற வீடியோ பாத்தீங்களாமா? பாக்கறதுக்கு நல்லாயிருக்கும். நம்ம வீட்டுக் கொட்டாங்குச்சியில மூணு கண்ணு இருக்குது, ஒண்ணு மெதுவா இருக்கும், ஆணியில குத்தினா ஓட்டை. மயிலு கெடையாது, அது ஒண்ணுதான் கொறை.

நாத்தைத் தூக்கி நேரா டிரம்முல நடறதும் வேண்டாம். சின்ன வேரு கொஞ்சம் ஈரத்தைத்தான் குடிக்கும், மிச்சம் நாள்கணக்கா நின்னு புளிக்கும். ஒரு சுத்துப் பெரிய தொட்டி, அதுல வேரு நெறைஞ்ச பொறகு அடுத்தது. நர்சரியில வாங்கின ஒட்டு மாங்கன்னு களிமண்ணு உருண்டையோட வரும். அதை அப்படியே கோகோபீட்டுக்குள்ள எறக்கினா ஊத்தற தண்ணி உருண்டையச் சுத்தி ஓடீரும், உள்ள காஞ்சு கெடக்கும். பையைக் கிழிச்சு, ஓரத்து மண்ணைக் கொஞ்சம் உதுத்து, சுத்தின வேரைப் பிரிச்சு உடுங்க. ஒட்டுக் கட்டின எடம் மண்ணுக்கு மேல நிக்கோணும்.

மண்தொட்டியா பிளாஸ்டிக்கான்னு கேட்டீங்க. செடியப் பாக்காதீங்க, தண்ணி ஊத்தற கையப் பாருங்க. மண்தொட்டி பக்கவாட்டுலயும் ஈரத்தை விடும், வேரு குளுந்திருக்கும், சுருக்காக் காயும். பிளாஸ்டிக் புடிச்சு வெச்சுக்கும். எங்க அம்மிணி போற வாக்குல எல்லாம் ஒரு சொம்பு ஊத்துவா, அவ பொறுப்புல இருக்கறதுக்கு மண்தொட்டி. நீங்க ஞாயித்துக்கெழமை மட்டும் செடி இருக்கறதை நெனைக்கற ஆளு, உங்களுக்குப் பிளாஸ்டிக். கருப்புப் பை மட்டும் மொட்டை மாடி வெயிலுல வேண்டாம், ஓரத்து வேரு வெந்துரும்.

எடம் மாத்தறது பொழுதோட பண்ணுங்க. அதுக்கு ஒரு வாரம் முன்னாடியே தண்ணியக் கொறைச்சு, வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாப் பழக்குங்க. கடைசித் தொட்டிக்கு வெறும் கோகோபீட்டு ஆகாது, செம்மண்ணு கொஞ்சமாச்சும் கலக்கோணும். ஏன்னு கேளுங்க. ஆடி மாசம் பாலக்காட்டுக் கணவாயில இருந்து வர்ற காத்துக்கு அம்மியே பறக்கும்ங்கறாங்க, உங்க தொட்டி வெறும் பஞ்சு. அஞ்சாவது மாடிக் கைப்புடிச் சொவத்து மேல வரிசையா அடுக்கி வெச்சிருக்கறீங்க. கீழ நேரா நிக்குதே அந்த வெள்ளைக் காரு, அது யாருதுன்னு மட்டும் விசாரிச்சு வெச்சுக்கோங்க மாப்ளே.