குழாய் போட்டுக் கேட்ட சத்தம்

அமெரிக்காவில் பழைய டீசல் பிக்கப் டிரக் வாங்கியவருக்கு வருகிற முதல் வியாதி, பூஸ்ட் கேஜ். கம்பெனிக்காரன் டேஷ்போர்டில் வேகம், சூடு, டாங்கில் மிச்சம் எல்லாம் காட்டியிருப்பான். டர்போ எத்தனை பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் காற்றை எஞ்சினுக்குள் திணிக்கிறது என்று மட்டும் காட்டியிருக்க மாட்டான். அது தெரியாமல் ஒரு மனிதன் எப்படி ஐயா கடைக்குப் போய்ப் பால் வாங்கி வருவான்?

ஆகவே கடையில் தனியாக ஒரு கேஜ் வாங்குகிறார். எஞ்சின் தருவது 20 சொச்சம். வாங்குவது 60 வரை எண் போட்ட கேஜ். மிச்சமெல்லாம் நம்பிக்கை.

எஞ்சினுக்குள் காற்று போகிற இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு பித்தளை நிப்பிள். அங்கிருந்து ஸ்ட்ரா மாதிரி மெல்லிய நைலான் டியூப். அது எஞ்சினுக்கும் டிரைவருக்கும் நடுவே இருக்கிற ஃபயர்வால் தகட்டைத் துளைத்து உள்ளே வந்து, கண்ணாடி ஓரத்துத் தூணில், டிரைவரின் இடது காதுக்கு ஒரு சாண் தள்ளி, கேஜின் முதுகில் சேருகிறது. அடுத்த நாளே புகார்: “கேஜ் சத்தம் போடுகிறது!” எஞ்சினின் நுரையீரலிலிருந்து காது வரை குழாய் இழுத்து விட்டவர் சொல்கிற புகார் இது.

அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எஞ்சினுக்குள் எட்டிப் பார்க்கிற ஆசை 200 வருஷத்துக்கும் மேல் பழசு. அதில் மாட்டிக்கொள்ளாத பெரிய மனிதர் குறைவு.

ஜேம்ஸ் வாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1796 வாக்கில் அவருடைய உதவியாளர் ஜான் சதர்ன், நீராவி எஞ்சினின் அழுத்தத்தைப் பென்சிலால் அட்டையில் கோடாக வரைந்து காட்டும் கருவி ஒன்றை உருவாக்கினார். வாட் என்ன செய்தார்? எஞ்சினை ஊருக்கெல்லாம் விற்றார். கருவியைக் கம்பெனி ரகசியமாக வைத்துக்கொண்டார். இன்றைய ஐ.டி. கம்பெனிக்காரர்கள் ‘என்.டி.ஏ.’ என்று கையெழுத்து வாங்குவதெல்லாம் இதற்கு முன் சிறுபிள்ளை விளையாட்டு. வாட் கண்ணை மூடியது 1819ல், கருவியின் விவரம் அச்சில் வந்தது 1822ல். வந்தபோது ‘வாட் இண்டிகேட்டர்’ என்றே வந்தது. சதர்னுக்கு மிஞ்சியது பென்சில்.

இப்போது நம் கேஜுக்குள் இருக்கிற ஆசாமியைப் பார்ப்போம். பாரிஸில் பட்டு வியாபாரியின் மகன் யூஜின் பூர்தோன். அப்பாவுக்குப் பையன் பட்டு விற்க வேண்டும் என்று ஆசை. பையனுக்கு இரும்பில் ஆசை. நீராவி எஞ்சினுக்காக ஒரு குழாயைச் சுருளாக வளைத்துக்கொண்டிருந்தபோது அது ஓரிடத்தில் நசுங்கித் தொலைந்தது. வேறு யாராக இருந்தாலும் பழைய இரும்புக் கடைக்குப் போட்டிருப்பார்கள். இவர் சிக்கனக்காரர். ஒரு முனையை அடைத்து, மறுமுனையில் பம்பு வைத்து அழுத்தினார், உள்ளிருந்து தள்ளினால் நசுங்கல் சரியாகிவிடும் என்று. நசுங்கல் சரியானது. கூடவே குழாயும் திருவிழாக் கடைச் சுருள் பீப்பியைப் போல விரிந்துகொண்டு போனது!

அதுதான் கதை. தட்டையான குழாயை வளைத்து, ஒரு பக்கம் மூடி, உள்ளே அழுத்தம் கொடுத்தால் அது நிமிரப் பார்க்கும். நிமிரும் முனையில் ஒரு பல் சக்கரம், அதில் ஒரு முள். 1849ல் பேட்டன்ட். அதுவரை 7 அட்மாஸ்ஃபியர் அழுத்தத்தை அளக்க 5 மீட்டருக்கு மேல் உயரமான பாதரசக் குழாய் வேண்டும். பூர்தோன் அதை உள்ளங்கைக்குள் கொண்டுவந்துவிட்டார். நம் பாலிடெக்னிக் பையன்கள் இன்றைக்கும் ‘போர்டன் டியூப்’ என்று படம் வரைந்து மார்க் வாங்குவது இந்த நசுங்கலைத்தான்.

பேர் வந்தால் வழக்கு வராமல் இருக்குமா? சில வருஷம் முன்னால் காற்றை உறிஞ்சிய உலோகப் பெட்டியை வைத்து பாரமானி செய்திருந்த லூசியன் விதீ, “இது என் ஐடியா” என்று கோர்ட்டுக்குப் போனார். 1851ல் லண்டன் மகா கண்காட்சியில் இருவரும் பதக்கம் வாங்கினார்கள். திரும்பி வந்து சண்டை போட்டார்கள். விதீ முதலில் தோற்று, வருஷக்கணக்காக இழுத்து, கடைசியில் ஜெயித்தார். அழுத்தம் அளக்கும் கருவிக்காரர்கள் இருவருக்கும் ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்று யாரும் அளக்கவில்லை.

அடுத்து நம் ஹீரோ ருடால்ஃப் டீசல். 1893ல் முதலில் புத்தகம் போட்டார், பிறகு எஞ்சின் செய்தார்; நாம் படம் வருவதற்கு முன் டிரெய்லர் விடுவதில்லையா, அதேதான். அதே வருஷம் ஆகஸ்ட் 10, ஆக்ஸ்பர்க் ஊர்த் தொழிற்சாலை. எஞ்சினால் தானாக ஓட முடியாது. பெல்ட் போட்டுச் சுற்றிவிடுகிறார்கள். உள்ளே எரிபொருளைப் பீய்ச்சினார்கள். பயங்கரச் சத்தம்! வெடித்துச் சிதறியது எஞ்சின் அல்ல. அதன் மேல் பொருத்தியிருந்த இண்டிகேட்டர், வாட் ஒளித்து வைத்த அதே பரம்பரை. துண்டுகள் பக்கத்தில் நின்றவர்களின் தலையை ஒட்டிப் பறந்தன. டீசல் பிழைத்தார், தன் தத்துவம் நிரூபணமானது என்று சந்தோஷமும் பட்டார். உலகத்தின் முதல் டீசல் எஞ்சின் செய்த முதல் காரியம் தன் கேஜை வெடிக்க வைத்தது. நம் டிரக்காரருக்கு வெறும் ‘விஸ்’ சத்தம். புண்ணியம் செய்தவர்.

டர்போவை யோசித்தவர் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூக்கி. புகையோடு வீணாகப் போகிற சக்தியால் காற்றாடி சுற்றி, அதை வைத்து எஞ்சினுக்கே காற்றை ஊட்டலாம் என்று 1905ல் பேட்டன்ட் எழுதினார். உலகம் கொட்டாவி விட்டது. 1920களின் நடுவில் இரண்டு ஜெர்மன் கப்பல்களில் டர்போ வைத்தபோது 1,750 குதிரைத்திறன் 2,500 ஆனது. கொட்டாவி விட்ட வாய் அப்படியே திறந்தபடி நின்றது.

இதற்கிடையில் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ். மாணவராக இருந்தபோது கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஒரு எரிவாயு டர்பைன் செய்தார். அது ஓடியது. ஆனால் அது கொடுத்த சக்தியைவிட அதற்குக் காற்று ஊட்டப் பிடித்த சக்தி அதிகம்! அதற்கே டாக்டர் பட்டம் கொடுத்தார்கள், நல்ல மனசுக்காரர்கள். முதல் உலகப் போரில், உயரே போனால் மூச்சு வாங்குகிற விமான எஞ்சினுக்கு டர்போ செய்யச் சொன்னார்கள். நிரூபிக்க வேண்டுமே? 1918ல் எஞ்சினை ஒரு லாரியில் ஏற்றிக் கொலராடோவில் 14,000 அடிக்கும் மேல் உயரமான பைக்ஸ் பீக் மலை உச்சிக்குப் போனார். சமதளத்தில் 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின், உச்சியில் டர்போ இல்லாமல் 230, டர்போவோடு 356. ஆக அமெரிக்க டர்போ உலகத்துக்குத் தன் பலத்தைக் காட்டியது லாரியின் முதுகில் உட்கார்ந்துதான்.

டர்போவின் வீம்பு தெரிய வேண்டுமானால் 1952 இண்டியானாபோலிஸ் 500 கார் பந்தயத்துக்கு வரவேண்டும். கம்மின்ஸ் கம்பெனி 6.6 லிட்டர் லாரி டீசல் எஞ்சினைப் படுக்க வைத்து, டர்போ மாட்டி, பந்தயக் கார் என்று கொண்டுவந்தது. சும்மா சிரித்தார்கள். ஃபிரெட் அகபாஷியன் 138 மைல் வேகத்தில் ஓட்டி முதல் இடத்திலிருந்து கிளம்பும் உரிமையைப் பிடித்தார். சிரிப்பு நின்றது. பந்தயத்தில் 71வது சுற்றோடு வண்டி ஓரம் கட்டியது. காரணம்? டர்போவின் காற்று வாயைத் தரைக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள்; முன்னால் போன வண்டிகளின் டயரிலிருந்து உதிர்ந்த ரப்பர் துணுக்குகளைத் தின்று தின்று அதற்கு மலச்சிக்கல்.

அதே கம்மின்ஸின் 5.9 லிட்டர் டர்போ டீசல் 1989 மாடல் டாட்ஜ் பிக்கப்பில் வந்தது. 160 குதிரைத்திறன், பூஸ்ட் கேஜ் கிடையாது. அன்றைக்குத் தொடங்கியது நம்மவர் துளை போடும் வேலை.

சரி, சத்தத்துக்கு வருவோம். முதலில் குற்றவாளி யார் என்று பாருங்கள். மேனிஃபோல்டில் டியூபைக் கழற்றி, அந்தத் துளையை நன்றாக அடைத்துவிட்டு ஒரு ரவுண்டு ஓட்டுங்கள். சத்தம் இன்னமும் இருந்தால் கேஜ் நிரபராதி. டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரின் ஹோஸ் எங்காவது கிழிந்திருக்கும், அல்லது டர்போவே முனகுகிறது. பாவம், ஒன்றும் அறியாத முள்ளைத் திட்டியிருக்கிறீர்கள்.

சத்தம் நின்றுபோனால், அது எந்த ரகம்? ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க ‘விஸ்ஸ்’ என்று ஏறினால் லீக். கேஜின் முதுகில் நட்டுக்குள் ஃபெரூல் என்று ஒரு சின்னப் பித்தளை வளையம் இருக்கும். டியூபைக் கட்டிங் பிளேயரால் கடித்து வெட்டியிருப்பீர்கள். முனை முட்டை வடிவில் நசுங்கியிருக்கும். பிளேடால் நேராக வெட்டி மறுபடி மாட்டுங்கள். பூர்தோனுக்கு நசுங்கல் அதிர்ஷ்டம் கொடுத்தது, உங்களுக்குக் கொடுக்காது. லீக் நிற்கவில்லையே என்று ஸ்பானரால் வெறியோடு முறுக்குவதும் வேண்டாம், டியூப் பிளந்துவிடும். சோப்பு நுரை தடவினால் எங்கே குமிழி விடுகிறது என்று அதுவே சொல்லும்.

‘கடகட’ என்று எஞ்சினின் குரலிலேயே பேசினால், டியூப் எங்கோ இரும்பில் உரசுகிறது. பெரும்பாலும் ஃபயர்வால் துளையில்தான். ரப்பர் வளையம் போடாமல் விட்டது யார் என்று கேட்க மாட்டேன்.

‘ர்ர்ர்’ என்று குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ரீங்காரமிட்டால் அது சுவாரசியமான கேஸ். மேனிஃபோல்டில் காற்று சீராக நிற்பதில்லை. ஒவ்வொரு இன்டேக் வால்வும் திறக்கும்போது ஒரு துடிப்பு. அந்தத் துடிப்பு டியூப் வழியே வந்து, வளைந்த குழாயை நிமிண்டி நிமிண்டி, பல் சக்கரங்களைக் கிடுகிடுக்க வைக்கிறது. முள்ளைக் கிட்டத்தில் பாருங்கள், ஓரம் மங்கலாகத் தெரியும், அவ்வளவு வேகமான நடுக்கம். மருந்து, லைனில் ஒரு ரெஸ்ட்ரிக்டர்: ஊசித்துளை போட்ட சின்னப் பித்தளைத் துண்டு. சராசரி அழுத்தம் போகும், துடிப்பு வாசலிலேயே நின்றுவிடும். சத்தம் போச்சு.

ஒரே ஒரு விஷயம். துளை ரொம்பப் பொடியாக இருந்தால் முள் நிதானமாகத்தான் எழும். நம்மவர் ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார், முள் யோசித்து யோசித்து ஏறும். டிரக் எப்போதும் போலத்தான் பாய்கிறது. ஆனால் அவர் ரோட்டையா பார்க்கிறார்? “டர்போ டல்லாயிடுச்சு” என்று முடிவு கட்டி, மெக்கானிக்குக்கு போன் போட்டுப் பெரிய டர்போ என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.