முகூர்த்தம் கிடைக்காத மோட்டார் சைக்கிள்

அன்பரைச் சோம்பேறி என்பவர்கள் அவரை அறியாதவர்கள். சோம்பேறியாக இருந்தால் என்றைக்கோ புறப்பட்டிருப்பார். ஒரு பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு ஃபோக்ஸ்டன் போய், கடலுக்கு அடியில் ஓடும் ரயிலில் பைக்கை ஏற்றி, அதன் பக்கத்திலேயே நின்றபடி 35 நிமிஷத்தில் பிரான்ஸில் இறங்கியிருப்பார். அதற்கு மேல் சாலைதான். உழைப்பாளியாக இருப்பதுதான் அவருக்குக் கெடுதலாகிவிட்டது. இங்கிலாந்திலிருந்து கிளம்பி ஐரோப்பா முழுவதையும் மோட்டார் சைக்கிளில் சுற்றுவதென்று அவர் தீர்மானித்து எத்தனையோ குளிர்காலம் போய்விட்டது. எக்செல் தாள் பதினான்காம் பதிப்பில் நிற்கிறது. வண்டியோ, சலைன் ஏறும் நோயாளியைப் போல, கொட்டகையில் சார்ஜர் ஒயரோடு படுத்திருக்கிறது. பணமில்லை, வீட்டில் விடமாட்டார்கள், உள்ளூர பயம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். எதுவும் சரியில்லை. வருஷத்தின் 365 நாளில் ஒன்றுகூடப் புறப்படத் தகுந்ததல்ல என்று அவர் ஆதாரத்தோடு நிரூபித்து வைத்திருக்கிறார். அந்த நிரூபணத்தைத்தான் யாரும் படிப்பதில்லை.

படித்தால் அசந்துபோவீர்கள். பயணத்தின் சிகரம் நார்வேயின் நார்ட்காப். நள்ளிரவுச் சூரியனைப் பார்க்காமல் அங்கே போவது, மூலவர் சன்னிதி சாத்தியிருக்கும்போது கோயிலுக்குப் போவது மாதிரி. அந்தத் தரிசனம் மே நடுவிலிருந்து ஜூலை இறுதிவரைதான். மே மாதம் கிளம்பலாமா? ஆல்ப்ஸ் மலையில் 2757 மீட்டர் உயரத்து ஸ்டெல்வியோ கணவாய் அப்போது பனியில் அடைத்துக் கிடக்கும். ஜூன்? அதற்குள் ஸ்டெல்வியோ திறந்துவிடும், ஆனால் ருமேனியாவின் டிரான்ஸ்ஃபகராஷான் சாலை சாதாரணமாக ஜூன் முடியாமல் திறக்காது. (1970-களின் தொடக்கத்தில் சௌஷெஸ்கு ராணுவத்தை ஏவி மலையைத் தகர்த்துப் போட்ட சாலை அது. ஆனானப்பட்ட சர்வாதிகாரியாலேயே பனியை ஒன்றும் செய்ய முடியவில்லை என்று அன்பர் இதைச் சொல்கையில் குரல் தழுதழுக்கும்.) ஜூலையில் டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் வந்து இன்றைக்கு இந்தக் கணவாய், நாளைக்கு அந்தக் கணவாய் என்று மறித்துக்கொண்டே போகும். ஆகஸ்ட் என்ற பேரையே அவர் முன்னால் எடுக்கக் கூடாது. பிரான்ஸில் பிசோன் ஃபூட்டே என்றொரு அரசாங்க சேவை, நெரிசலைக் கணித்து ஒவ்வொரு நாளுக்கும் பச்சை, ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு என்று நிறம் குறித்துக் கொடுக்கிறது. கோடை விடுமுறையின் சனிக்கிழமைகள் கறுப்புக்குப் பேர்போனவை. 15-ஆம் தேதி ஃபெர்ராகோஸ்தோ விடுமுறை; இத்தாலி வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருவுக்கு வந்துவிடும். அப்புறம், ஸ்டெல்வியோவை வருஷத்தில் ஒரு நாள் சைக்கிள்காரர்களுக்கென்றே ஒதுக்கி மோட்டார் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஒரே ஒரு நாள்தான். அன்பர் அதற்காக அந்த வாரத்தையே அடித்துவிடுவார். செப்டம்பரில் வடக்கே இருட்டிவிடும், அக்டோபரில் மலையில் மறுபடி பனி, நவம்பரில் பதினைந்தாம் பதிப்பு.

பஞ்சாங்கம் பார்க்கிறவர்களை நாம் கேலி செய்கிறோம். இவரோடு ஒப்பிட்டால் பஞ்சாங்கம் கருணைக் கடல். ராகுகாலம் ஒன்றரை மணி, எமகண்டம் ஒன்றரை மணி, சந்திராஷ்டமம் சுமார் இரண்டேகால் நாள், கழிந்தால் கழிந்தது. ஆடி போனால் ஆவணி வந்தே தீரும். நேரம் ஒத்துவராதவர்களுக்குக்கூட வழி வைத்திருந்தார்கள் நம் பெரியவர்கள்: நல்ல வேளையில் மூட்டையை மட்டும் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துப் பரஸ்தானம் செய்துவிட்டு, பிறகு ஆற அமரக் கிளம்பலாம். அன்பரின் பஞ்சாங்கத்தில் ராகுகாலம் ஐந்து மாதம், எமகண்டம் ஏழு மாதம், பரிகாரம் கிடையாது. வடக்கை ஒரு வருஷம், ஆல்ப்ஸை ஒரு வருஷம் என்று பிரித்துக்கொண்டால் என்ன என்று கேட்கலாம். கல்யாணத்தை இந்த வருஷமும் தாலியை அடுத்த வருஷமும் வைத்துக்கொள்ளச் சொன்ன மாதிரி பார்ப்பார். வடகோடி நார்ட்காப், மேற்குக்கோடி காபோ த ரோகா, தெற்கே தாரிஃபா, எல்லாம் ஒரே கோட்டில் வர வேண்டும். இத்தனைக்கும் நார்ட்காப் வடகோடியே அல்ல. பக்கத்திலிருக்கும் க்னிவ்ஷெல்லோடன் என்ற நாக்கு இன்னும் கொஞ்சம் வடக்கே நீண்டிருக்கிறது, அங்கே நடந்துதான் போக முடியும். அது அன்பருக்குத் தெரியும். அதனால் தாளில் நடைச் செருப்புக்கென்று தனிப் பத்தி உண்டு.

திட்டமிடாமல் நாடு நாடாக ஓட்டிக்கொண்டு போக முடியுமா, சட்டதிட்டம் இல்லையா என்று அவருக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. இருக்கிறது. பிரான்ஸில் 2016 நவம்பரிலிருந்து தரச்சான்று பெற்ற கையுறை கட்டாயம். ஆஸ்திரியாவில் பைக்கிலும் முதலுதவிப் பெட்டி இருக்க வேண்டும். சுவிட்சர்லாந்து நெடுஞ்சாலைக்கு 40 ஃபிராங்க் கொடுத்து வருஷச் சீட்டு வாங்க வேண்டும். ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தின் ஒரு பகுதியில் 2020-லிருந்து கோடையில் 95 டெசிபலுக்கு மேல் அலறும் வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஆயிற்று. இவ்வளவும் ஒரு சாயங்கால வேலை. மளிகைச் சீட்டின் முதுகில் எழுதிவிடலாம். அன்பர் இதில் எதைக் கட்டிக்கொண்டு அழுகிறார் என்பதற்கு ஷெங்கன் கணக்கு ஒன்று போதும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறியதிலிருந்து பிரிட்டிஷ்காரர்கள் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் ஷெங்கன் எல்லைக்குள் இருக்கலாம். ருமேனியா வெளியே இருந்ததால், அங்கே தங்கும் நாட்கள் கணக்கில் சேராதபடி வழியை வளைத்து, சூத்திரம் எழுதி, வண்ணம் தீட்டி வைத்திருந்தார். 2024 மார்ச் 31-ஆம் தேதியிலிருந்து ருமேனியாவில் தங்கும் நாட்களும் கணக்கில் சேர்ந்துவிட்டன. இடிந்துபோனார்; மூன்று மாதம் மறுபடி கணக்கு. அவருடைய மொத்தப் பயணமே ஆறு வாரம். நாற்பத்திரண்டு நாளுக்குத் தொண்ணூறு நாள் வரம்பு எப்படி இடிக்கும் என்று அந்தத் தாளில் எந்தக் கட்டத்திலும் பதில் இல்லை.

பெரிய பயணிகள் எல்லாரும் இப்படி அணு அணுவாகத் தயாரானவர்கள்தானே என்பது இன்னொரு வாதம். வரலாறு அதற்கு ஒத்துழைக்கவில்லை. ராபர்ட் எடிசன் ஃபுல்டன் 1932-ல் லண்டனில் ஒரு விருந்தில், ஊருக்குக் கப்பலிலா போகப்போகிறீர்கள் என்று கேட்டதற்கு, இல்லை, மோட்டார் சைக்கிளில் உலகத்தைச் சுற்றப்போகிறேன் என்று வாய்தவறிச் சொன்னார். டக்ளஸ் மோட்டார் சைக்கிள் கம்பெனிக்காரர் அங்கேயே உட்கார்ந்திருந்தார், வண்டி தருவதாகச் சொல்லிவிட்டார். சொன்ன வாய்க்காகச் சுற்றிவிட்டு வந்தார் ஃபுல்டன். 1973-ல் ஆன்-பிரான்ஸ் தோத்வில் என்ற பிரெஞ்சுப் பெண் தனியாக உலகம் சுற்றப் போனது 125 சிசி கவாஸாகியில். அன்பரின் பிஎம்டபிள்யூ அதைப்போல் பத்து மடங்கு. 30 லிட்டர் டேங்க். பாலைவனத்தைத் தாண்டுவதற்கு வைத்தது அது. பிரான்ஸில் ஒரு டீ குடிக்கிற தூரத்துக்கு ஒரு பங்க் இருக்கிறது.

அவர் பாட்டுக்குத் திட்டம் போட்டு மகிழட்டுமே, யாருக்கு என்ன நஷ்டம்? இந்தக் கேள்விக்கு மட்டும் என்னால் சிரித்துக்கொண்டு பதில் சொல்ல முடியவில்லை. அவர் தனியாகவா திட்டம் போடுகிறார்? கூட வருவதாக மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் ஜூன் இரண்டாம் வாரம் லீவு எழுதிக் கொடுத்தார், ரத்து செய்தார், ஜூலைக்கு மாற்றினார், அதையும் ரத்து செய்தார். ஆபீஸில் அவரைப் பார்த்தால் சிரிக்கிறார்கள். இன்னொருவர் வாங்கிய அலுமினியப் பெட்டிகளில் இப்போது உருளைக்கிழங்கு இருக்கிறது. மூன்றாமவர் பொறுமையிழந்து ஒரு வெள்ளிக்கிழமை தன்னந்தனியாகக் கிளம்பிப் போய் ஸ்டெல்வியோவைப் பார்த்துவிட்டு வந்தார். அவரிடம் அன்பர் கேட்ட முதல் கேள்வி, எந்தப் பக்கமாக ஏறினீர்கள் என்பது. போர்மியோ பக்கமாக. அன்பர் வருத்தத்தோடு தலையாட்டினார்: பிராத்தோ பக்கத்தில்தான் அந்த 48 கொண்டை ஊசி வளைவுகள். போய்வந்தவர் போகாதவர் முன்னால் குற்றவாளியாக நின்றார். அடுத்தவர் ஜூனைப் பிடித்து வைத்துக்கொள்வதும், அதையும் மீறிப் போய்வந்தால் அந்தச் சந்தோஷத்தில் ஓட்டை கண்டுபிடிப்பதும் பொழுதுபோக்கு ஆகாது. அது அநியாயம்.

ஆனாலும் மழையில் வழி தவறி ஏதோ ஒரு மலையூரில் நிற்கிறவர்கள் அவருக்குத்தான் போன் செய்கிறார்கள். இடது பக்கம் கீழே இறங்கு, பாலம் வரும், அதைத் தாண்டினால் பங்க், அதன் பின்னால் பைக்கை மழைபடாமல் நிறுத்த இடம் கொடுக்கும் விடுதி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், அத்தனையும் சரியாக இருக்கும். மறுநாள் போன் செய்து, அறை சூடாக இருந்ததா, சூப் கொடுத்தார்களா என்று விசாரிப்பார். கேட்டுக்கொண்டு சற்று நேரம் பேசாமல் இருப்பார். பிறகு கொட்டகைக்குப் போய் டயரைப் பார்ப்பார். டயரின் பக்கவாட்டில், எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்று நான்கு இலக்கம் பொறித்திருக்கும். ரப்பர் ஓடாமலே முற்றிப்போய்விட்டது. அடுத்த மாதம் புது ஜோடி வாங்கி மாட்டிவிடுவார். கழற்றிப் போடும் பழைய டயரில், அச்சிலிருந்து வந்தபோது ஒட்டியிருந்த மெல்லிய ரப்பர் மயிர்கள் இன்னும் உதிராமல் நின்றுகொண்டிருக்கும்.