வீட்டில் ஒரு வெள்ளைப் பலகை

போன ஆடி மாதம் எங்கள் கம்பெனியில் சூபர்வைசர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். ஆட்களை ஊக்கப்படுத்துவது எப்படி என்பது தலைப்பு. ஒரகடத்தில் கார் பாகம் செய்கிற கம்பெனி. பெயர் வேண்டாம், பிழைப்பு அங்கேதான் ஓடுகிறது. ஏ.சி. ஹால், கேண்டீன் டோக்கன் இல்லாத தனிச் சாப்பாடு, ஆளுக்கு இரண்டு குலாப் ஜாமூன். மூன்றாவது ஜாமூனும் கிடைத்தபோது எனக்கு ஊக்கம் வந்துவிட்டது.

பயிற்சி கொடுத்தவர் பெரிய முக்கோணம் ஒன்று வரைந்தார். மாஸ்லோ என்ற அமெரிக்கர் 1943-ல் சொன்னதாம். அடியில் சோறு, தண்ணீர், தூக்கம். அதற்கு மேல் பாதுகாப்பு, பிறகு அன்பு, பிறகு மரியாதை. உச்சியில் தன் திறமை முழுவதும் மலர்ந்து நிற்கிற நிலை. (மாஸ்லோவின் கட்டுரையில் முக்கோணமே கிடையாது, பின்னால் வந்தவர்கள் போட்டது என்று பிறகு படித்தேன். எதையும் படமாகப் போட்டால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு ஏறும் என்று தெரிந்துவைத்திருக்கிறார்கள்.) நான் எந்தத் தட்டில் இருக்கிறேன் என்று தேடிப் பார்த்தேன். பி ஷிப்ட் முடிந்து, நள்ளிரவுக்குச் சற்று முன் படப்பையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, ஏழு நாய்களைத் தாண்டி வீட்டுக்குப் போகிறவனுக்குத் தூக்கமும் இல்லை, பாதுகாப்பும் இல்லை. மலர்வதெல்லாம் அப்புறம்.

ஆனாலும் லைனில் நாற்பது பேரை வேலை வாங்குகிறவன், வீட்டில் இரண்டு பேரை வாங்க முடியாதா என்று ஒரு ரோஷம் வந்தது. சனிக்கிழமையே மூன்றுக்கு இரண்டு அடியில் வெள்ளைப் பலகை, இரண்டு மார்க்கர், ஒரு பாக்கெட் தங்க நிற நட்சத்திர ஸ்டிக்கர் வாங்கிவந்து பிரிட்ஜுக்குப் பக்கத்தில் மாட்டினேன். வேலை, பொறுப்பு, நட்சத்திரம் என்று மூன்று கட்டம். ஐந்து நட்சத்திரத்துக்கு ஐம்பது ரூபாய்.

மனைவி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே பார்த்தாள்.

"என்னங்க, இதுல உங்க பேரையே காணோம்?"

"நான் சூபர்வைசர்."

அவள் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் லைனில் ஆண்டன் விளக்கு என்று ஒன்று உண்டு. கோளாறு தெரிந்ததும் ஆபரேட்டர் கயிற்றை இழுப்பார், மஞ்சள் எரியும். லீடர் ஓடிவந்து சரிசெய்யாவிட்டால் சிவப்பு, லைன் நின்றுவிடும். கம்பெனியில் எந்த மூலையில் மஞ்சள் எரிந்தாலும் என் கண்ணில் படும். வீட்டில் எரிந்த மஞ்சளை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. நேராகச் சிவப்பைத்தான் பார்ப்பேன்.

முதல் விபத்து கறிவேப்பிலைச் செடிக்கு. ஏழாவது படிக்கிற பையன் அதை யாரும் சொல்லாமலே வளர்த்துக்கொண்டிருந்தான். காலையில் ஒரு சொம்பு தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை ஸ்கேல் வைத்து உயரம் அளப்பான், நோட்டில் எழுதுவான். நான் போய் அந்த வேலைக்கும் ஒரு நட்சத்திரம் போட்டேன். முதல் வாரம் தினம் இரண்டு தரம் ஊற்றினான். இரண்டாவது வாரம் ஒரு தரம். மூன்றாவது வாரம் மாசக் கடைசி, என் கையில் காசில்லை, பட்டுவாடாவைத் தள்ளிவைத்தேன்.

"ஸ்டார் இல்லேன்னா ஊத்தணுமாப்பா?"

செடி காய்ந்தது. நோட்டில் கடைசியாக எழுதியிருந்த உயரம் முப்பத்தொன்றரை சென்டிமீட்டர்.

இதை அமெரிக்காவில் 1973-லேயே சோதித்துவிட்டார்களாம். லெப்பர் என்பவரும் இன்னும் இருவரும், படம் வரைவதில் ஆசையுள்ள நர்சரிக் குழந்தைகளில் ஒரு பிரிவுக்கு, வரைந்தால் பரிசு என்று முன்கூட்டியே சொன்னார்கள். பரிசும் கொடுத்தார்கள். கொஞ்ச நாள் கழித்துப் பேனாவைச் சும்மா வைத்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதிதான் வரைந்தார்கள். விளையாட்டாக இருந்தது கூலிவேலையாகிவிட்டது. கொடுத்த பரிசு என்ன தெரியுமா? தங்க நட்சத்திரம் ஒட்டிய ஒரு சான்றிதழ். என் பாக்கெட்டில் இருந்த அதே நட்சத்திரம்!

பரிசே இல்லாமல் நடப்பவர்கள் உண்டு. மந்திரம் கேட்க ஸ்ரீரங்கத்திலிருந்து திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு தரம் நடந்தாராம் ராமானுஜர். அவர் பிறந்த ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் குடியிருந்துகொண்டு, என் பையன் கொத்தமல்லி வாங்கத் தெருமுனை அண்ணாச்சி கடைக்கு ஒரு தரம் போக நட்சத்திரத்தை முன்பணமாகக் கேட்டான்.

அடுத்து அடுப்படி. சிகாகோவுக்குப் பக்கத்தில் ஹாதார்ன் என்ற டெலிபோன் கருவித் தொழிற்சாலையில் 1924 முதல் சோதனை நடத்தினார்கள். வெளிச்சத்தைக் கூட்டினாலும் உற்பத்தி ஏறியது, குறைத்தாலும் ஏறியது. நம்மை ஒருவர் கவனிக்கிறார் என்ற நினைப்பே காரணம் என்று பயிற்சியில் சொன்னார்கள். அந்தக் கணக்கைப் பின்னால் வந்தவர்கள் திரும்பப் போட்டுப் பார்த்து, அவ்வளவு தெளிவாக ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். எனக்கு அது தெரியாது. ஞாயிறு காலை அடுப்படி வாசலில் வாட்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முதல் தோசை ஒன்றே முக்கால் நிமிடம். இரண்டாவது மூன்று நிமிடம். மூன்றாவது வரவேயில்லை. கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு அவள் பேப்பர் படிக்கப் போய்விட்டாள். அன்றைக்கு நான் வார்த்தவை தோசைதானா என்பதில் வீட்டில் இன்றுவரை கருத்து ஒற்றுமை இல்லை.

என் மனைவி எம்.ஏ. தமிழ். சிரித்து ஓய்ந்தபிறகு சொன்னாள்: "மனசைப் பத்தித் தெரிஞ்சுக்க ரெண்டு நாள் ஏ.சி.யில உக்காரணுமா? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியல்ல எட்டு உணர்ச்சி சொல்லி, ஒவ்வொண்ணுக்கும் நாலு காரணமும் சொல்லிட்டாரு. அச்சத்துக்கு என்ன தெரியுமா? அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை."

"தம் இறைன்னா?"

"ராஜா. உங்களுக்கு பிளான்ட் மேனேஜர்."

சரியாகப் பிடித்துவிட்டாள். அவர் லைன் பக்கம் வந்தால் நான் காரணமில்லாமல் ஒரு ஸ்பேனரைக் கையில் எடுத்துக்கொள்வேன். வீட்டிலாவது யாருக்காவது நான் இறையாக இருக்க வேண்டாமா? பலகை வாங்கிய உண்மைக் காரணம் இதுதான். முக்கோணத்தில் இதற்குத் தட்டு இல்லை.

"நகைக்கும் நாலு உண்டு. எள்ளல், இளமை, பேதைமை, மடம். நம்ம போர்டுல நாலும் இருக்குது. எள்ளல் என்னுது, இளமை பையனுது. மிச்சம் ரெண்டையும் நீங்க வெச்சுக்குங்க."

வைத்துக்கொண்டேன்.

பையன் அண்ணாச்சியிடம் புதுக் கன்று கேட்டு வைத்திருக்கிறான். தன் தொட்டிக்குப் பக்கத்தில் நான் வரக்கூடாது என்று உத்தரவு. பலகை சும்மா கிடக்கிறது. படப்பை, ஒரகடம், வல்லம் பக்கம் யாருக்காவது வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளலாம், மார்க்கர் இரண்டும் இலவசம். ஸ்டிக்கரை மட்டும் கேட்காதீர்கள். போன வாரம் துணி காயப்போட்டதற்கு எனக்கு ஒன்று கிடைத்திருக்கிறது. இன்னும் நான்கு வேண்டும்.