அம்மன் எந்தப் பக்கம்?

கேள்வி: மெர்போக்கில் சண்டி புக்கிட் பத்து பஹாட்டுக்குப் பிள்ளைகளோடு போனோம். ஆணும் பெண்ணுமாய் ஒரு சிற்பம்கூடக் கண்ணில் படவில்லையே?
– வாசகி, பீடோங்

பதில்: அங்கே மிஞ்சியது அடித்தளமும் தூண் நட்ட கற்களும்தான். மேலே இருந்தது மரம். நம் கெடா மழையும் கறையானும் விட்டுவைக்குமா? 1025இல் கடாரத்தின் மேல் படையெடுத்த சோழர் காலத்துக் காதலைப் பார்க்க சோழநாட்டுக்குத்தான் போக வேண்டும். போனால் திருவெண்காட்டுச் செப்புத் திருமேனிகளை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: திருவெண்காட்டு அர்த்தநாரி படம் பார்த்தேன். ஆண் பாதிக்கு இரண்டு கை, பெண் பாதிக்கு ஒன்றுதானா? விடியுமுன் பால்மரம் சீவி, வீட்டுக்கு வந்து சோறும் ஆக்கிய எங்கள் அம்மா கேட்கிறார்.
– வாசகர், சுங்கைப்பட்டாணி

பதில்: சிவனுக்கு நான்கு கை, அவர் பக்கத்தில் நிற்கும் உமைக்கு இரண்டு. ஆளுக்குப் பாதி எடுத்தால் இரண்டும் ஒன்றும். வகுத்ததில் பிழையில்லை, முதலில் நான்கு, இரண்டு என்று பங்கு போட்டதைத்தான் அம்மா கேட்கிறார், கேட்கட்டும்! அதே அம்மை தனியாகப் போருக்குக் கிளம்பினால் மாமல்லபுரத்தில் எட்டுக் கை. அர்த்தநாரியில் எனக்குப் பிடித்தது, நடுவில் கோடு இல்லாதது. வலப்பக்கம் தொடையோடு நிற்கும் ஆடை, இடப்பக்கம் கணுக்கால்வரை இறங்குகிறது. இடுப்பு ஒருபுறம் நேராக, மறுபுறம் வளைந்து. ஆண் எங்கே முடிந்தான், பெண் எங்கே தொடங்கினாள் என்று விரல் வைத்துச் சொல்ல முடியாது.

கேள்வி: பெண் வீட்டில் "ஒரு வருஷம் பொறுங்க தம்பி" என்கிறார்கள். பொறுக்கலாமா?
– வாசகர், கூலிம்

பதில்: தாராளமாக. திருவெண்காட்டு ரிஷபவாகனரை 1011இல் எழுந்தருளச் செய்தார்கள். உமையை அடுத்த ஆண்டுதான். தலைப்பாகை போல் சடையைச் சுற்றிக்கொண்டு, காளைமேல் கைபோட்டு, சாவகாசமாகத்தான் நிற்கிறார். இன்று காளையைக் காணோம். அம்மை கூடவே இருக்கிறாள்.

கேள்வி: தோட்டத்து மாரியம்மன் கோவில் திருப்பணியில் சிவன்-பார்வதி திருமணத்தைச் சுதையில் செய்கிறோம். அம்மன் இடப்பக்கம் என்று ஒரு கட்சி, வலப்பக்கம் என்று ஒரு கட்சி. குழுவே இரண்டாகிவிடும் போலிருக்கிறது.
– வாசகி, பாடாங் செராய்

பதில்: வலப்பக்கம். தாலி ஏறும்வரை மணப்பெண் வலப்பக்கம் இருந்து, பிறகு இடப்பக்கம் மாறுவது நம் வீடுகள் பலவற்றிலும் உள்ள வழக்கம்தானே? தஞ்சாவூர் கலைக்கூடத்தில் இருக்கும் திருவெண்காட்டுக் கல்யாணசுந்தரரைப் பாருங்கள். அவருடைய வலக்கை அவளுடைய வலக்கையைப் பிடித்திருக்கிறது. அவள் தலை கொஞ்சம் குனிந்திருக்கிறது. நான்கு கையுள்ள தெய்வம், ஆயுதம் பிடிக்காத ஒரு கையை அவளுக்கென்று ஒதுக்கியிருக்கிறது. அர்த்தநாரியைவிட இதில்தான் எனக்குக் காதல் அதிகம் தெரிகிறது. ஒன்றாகிவிட்டவர்களுக்குக் கைபிடிக்கும் சுகம் ஏது? ஸ்தபதியிடம் நகைக்கும் வண்ணத்துக்கும் செலவிடும் நேரத்தில் பாதியை அந்த இரு கைகளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கோபுரத்தின் மேல் ஏற்றிவிடாமல், மணமக்கள் உட்காரும் மண்டபத்தில் கண்ணுக்கு நேராக வையுங்கள்.