சாப்பாட்டு மேசையில் இரண்டு அலுவலகங்களும் ஒரு பள்ளிக்கூடமும்: ஒரு முதற்கட்ட ஆய்வு

வீட்டிலிருந்தபடி அலுவலக வேலையும் பார்த்து, அதே வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லித்தர முடியுமா என்ற கேள்வி ஆய்வுலகின் கவனத்துக்கு வராமலே போயிற்று. காரணம் எளிது. இதை ஆராயும் தகுதி உள்ளவர்களுக்கு உட்கார்ந்து எழுத நேரமில்லை. நேரம் உள்ளவர்களுக்குத் தகுதி இல்லை. இந்த ஆய்வாளர் இரண்டாம் வகை.

ஆய்வுக்காலம், 2020 மார்ச் 25 அன்று நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியதிலிருந்து, 2021 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் மீண்டும் திறக்கப்பட்டது வரை. களம், சென்னையில் இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு வாடகை வீடு. ஆய்வுக்கு உட்பட்ட உயிரினங்கள்: மென்பொருள் ஊழியர்கள் இருவர், ஒரு மூன்றாம் வகுப்பு, ஒரு யூகேஜி. கருவிகள்: லேப்டாப்புகள், கீறல் விழுந்த ஒரு பழைய மொபைல், சாம்பார்க் கறை படிந்த ஒரு சாப்பாட்டு மேசை.

முதலில் முன்னோடிகளைப் பார்த்துவிடலாம். ஊரடங்கின் தொடக்கத்தில் வாட்ஸ்அப் குழுக்களில் ஐசக் நியூட்டன் வலம் வந்துகொண்டிருந்தார். 1665இல் பிளேக் பரவிக் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டபோது அவர் ஊல்ஸ்தோர்ப்பில் இருந்த தம் வீட்டுக்குப் போய் நுண்கணிதத்துக்கும் ஒளியியலுக்கும் ஈர்ப்புக்கும் அடித்தளம் போட்டாராம்; ஆகவே நாமும் ஏதாவது சாதிக்க வேண்டுமாம். இந்த ஆதாரத்தை ஏற்பதற்கில்லை. நியூட்டன் கடைசிவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. விழுந்த ஆப்பிளைத் தோல் சீவி, விதை நீக்கி, துண்டு போட்டுத் தரச் சொல்லி அவரை யாரும் நச்சரிக்கவில்லை.

அரசுத் தரப்பு ஆவணம் ஒன்றும் உண்டு. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறை, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்கு முப்பது முதல் நாற்பத்தைந்து நிமிடம் வீதம் இரண்டு இணைய வகுப்புகளே போதும் என்றது. கண்ணுக்கு நல்லதுதான். எஞ்சிய பகல் முழுவதும் பிள்ளையை எங்கே வைப்பது என்பதில் நெறிமுறை மௌனம் காக்கிறது.

இந்தத் துறையின் உண்மையான மூலவர் ஜேம்ஸ் மில். லண்டனில் எழுத்தை நம்பிப் பிழைத்த ஸ்காட்லாந்துக்காரர். மூத்த மகன் பிறந்த 1806இல் பிரிட்டிஷ் இந்தியாவின் வரலாற்றை எழுத உட்கார்ந்தார். மகனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. மூன்று வயதிலேயே கிரேக்கம் ஆரம்பம். அந்தப் பையன்தான் பிற்காலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில். 1873இல் வெளியான தன்வரலாற்றில் வீட்டு நிலவரத்தை அவரே சொல்கிறார். அப்பா எழுதுகிற மேசையிலேயே பிள்ளைக்கும் படிப்பு. அக்காலத்தில் கிடைத்த கிரேக்க அகராதி லத்தீனில்தான் பொருள் சொல்லும். பையனோ லத்தீனை இன்னும் தொடங்கியிருக்கவில்லை. எனவே தெரியாத சொல்லுக்கெல்லாம் அப்பாவைத்தான் கேட்டாக வேண்டும். பொறுமைக்குப் பேர்போனவர் அல்லாத அந்த மனிதர், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே வரலாற்றையும் எழுதினார். இந்தியாவில் கால் வைக்காமலேயே அவர் எழுதிய அந்த நூலில் இந்தியர்மீது ஏன் அத்தனை கடுகடுப்பு என்பதற்கு அறிஞர்கள் பயன்பாட்டுவாதம் முதலான காரணங்களைக் காட்டுகிறார்கள். அந்த மேசையை யாரும் கணக்கில் சேர்க்கவில்லை.

மில் வீட்டில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. எட்டாவது வயதில் மூத்தவன் லத்தீன் கற்கத் தொடங்கியதும், கற்றதைத் தங்கைக்கும் பிறகு மற்ற உருப்படிகளுக்கும் அவனே சொல்லித்தர வேண்டும். இதை நம் களத்திலும் சோதித்தோம். மூன்றாம் வகுப்பு, யூகேஜிக்கு ஆசிரியராக நியமிக்கப்பட்டது. பாடத்தைவிடத் தண்டனைகளே வேகமாகக் கடத்தப்பட்டன. அரை மணி நேரத்துக்குள் யூகேஜி பால்கனியில் முழங்கால் போட்டிருந்தது.

இரண்டு வேலையும் ஒன்றுக்கொன்று இடையூறு என்பது பொதுக் கருத்து. நம் தரவு அப்படிச் சொல்லவில்லை. ஒருநாள் வெளிநாட்டு வாடிக்கையாளர், இந்த மாற்றத்துக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று கேட்டார். அதே நொடியில் மேசையின் மறுகோடியிலிருந்து ‘செவன் எய்ட்ஸ் ஆர்?’ என்று கேள்வி வந்தது. மியூட் போட மறந்த வாயிலிருந்து ‘ஃபிஃப்டி சிக்ஸ்’ என்று பதில் போயிற்று. வாடிக்கையாளர் ஏற்றுக்கொண்டார். மேலாளரின் பாராட்டு மின்னஞ்சல் மறுநாளே வந்தது. நிறுவனத்தின் மதிப்பீட்டு முறையைவிட வாய்ப்பாடு எந்த வகையிலும் தாழ்ந்ததல்ல.

ஆனால் ஆய்வின் முதன்மைக் கண்டுபிடிப்பு வேறு. அதற்குக் கதவு விதி என்று பெயரிட்டிருக்கிறோம். மேசையில் ஆய்வாளருக்கு எதிரே படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ரப்பர் தேவைப்படுகிறது. அது எழுந்து ஆய்வாளரைச் சுற்றிக்கொண்டு நடந்து, சாத்தியிருக்கும் படுக்கையறைக் கதவைத் திறந்து, உள்ளே மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும் தாயிடம் ரப்பர் எங்கே என்று கேட்கிறது. ரப்பர் ஆய்வாளரின் லேப்டாப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பது அறைக்குள் இருப்பவருக்குத்தான் தெரிந்திருக்கிறது. ஹெட்போனைக் கழற்றி வைத்துப் பார்த்தோம். நாற்காலியை வழியில் போட்டும் பார்த்தோம். பிள்ளை மேசைக்கு அடியில் புகுந்து போயிற்று. இறுதியில் நேரடியாகவே விசாரிக்க வேண்டியதாயிற்று.

‘ரப்பர் எங்கேன்னு என்கிட்ட கேட்கலாமே?’

‘நீ மீட்டிங்ல இருக்கேப்பா.’

‘அம்மாவும் மீட்டிங்லதானே இருக்கா?’

‘அது அம்மா.’

வாதம் முடிந்தது. இதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2017 மார்ச் 10 அன்று தென்கொரிய அதிபர் பதவி இழந்த செய்தி பற்றி, பூசான் நகரில் இருந்த தம் வீட்டிலிருந்து பேராசிரியர் ராபர்ட் கெல்லி பிபிசிக்கு நேரலையில் கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். பூட்டாத கதவு வழியே மகள் ஆடிக்கொண்டே வந்தாள். நடைவண்டியில் கைக்குழந்தை பின்தொடர்ந்தது. உலகமே சிரித்தது. வழுக்கிக்கொண்டு ஓடிவந்து இரண்டையும் வாரி இழுத்துப் போய், குனிந்து எட்டிக் கதவைச் சாத்தினாரே ஒருவர், அவர் மனைவி. பலர் அவரை ஆயா என்று எண்ணிவிட்டார்கள்.

மில் வீட்டுக்கு ஒரு நடை திரும்பிப் போக வேண்டியிருக்கிறது. அந்த வீட்டில் மொத்தம் ஒன்பது பிள்ளைகள். அச்சான தன்வரலாற்றில் தந்தை பக்கத்துக்குப் பக்கம் வருகிறார். தாயைப் பற்றிப் பேச்சே இல்லை. பிறந்ததாகச் சொல்லும் இடத்திலும் இன்னாரின் மூத்த மகன் என்று தந்தையை மட்டும் குறிப்பிட்டுவிட்டு நகர்கிறார் ஜான். ஒரு தட்டில் வேலை, மறுதட்டில் பிள்ளைகள் என்று சமநிலை பற்றிப் பேசுகிற எல்லோரும் தட்டுகளைத்தான் ஆராய்ந்திருக்கிறார்கள். தராசைத் தூக்கிப் பிடித்திருப்பவரின் தோள்பட்டை பற்றி ஒரு வரித் தரவும் கிடைக்கவில்லை.

அந்தக் குறையைப் போக்க, படுக்கையறையில் பணிபுரியும் மென்பொருள் ஊழியரை விரிவாகப் பேட்டி காண்பதென்று முடிவாயிற்று. நேரம் கேட்டபோது, காலண்டரில் இன்வைட் அனுப்பச் சொன்னார். அனுப்பியிருக்கிறோம். ‘டென்டேட்டிவ்’ என்று பதில் வந்திருக்கிறது.