அட்டைக் கிரீடமும் காக்கிச் சட்டையும்

இன்னா வாத்தியாரே, பள்ளிக்கூடத்துல சரித்திரக் கண்காட்சியாமே? அட்டையில கிரீடம் வெட்டி, ஜிகினா ஒட்டி, வரிசையா ராஜாவா நிக்க வெச்சிருக்கியாம். நல்லாத்தான் கீது. அந்த ராஜாங்க திருவொத்தியூர்ல எந்தத் தெருவுல குடியிருந்தாங்கன்னு எந்தப் புள்ளையாவது கேட்டா, இருமிக்கிட்டே நழுவிடு.

இந்த ஊரு சரித்திரம் துணியில கீதுப்பா. காலடிப்பேட்டைக்குப் பேர் குடுத்த கலெட் தொரை, 1717லேர்ந்து 1720 வரைக்கும் கோட்டையில கவர்னரு. கம்பெனிக்குத் துணி வேணும்னு நெசவுக்காரங்களை இங்க கொண்டாந்து குடிவெச்சாரு. பெருமாள் கோயிலும் வந்துது. பக்தி சாமி மேலயா, சரக்கு மேலயான்னு நா சொல்ல மாட்டேன். எனக்கெதுக்கு தொரை வம்பு? வெளுக்கிறவங்களுக்கு வண்ணாரப்பேட்டை. அப்போ துறைமுகம் ஏது? மூட்டையெல்லாம் மசூலா படகுல அலையைத் தாண்டித்தான் கப்பலுக்குப் போவும்.

கட்டம்போட்ட மெட்ராஸ் துணி கதை தெரியுமா? 1958ல அமெரிக்காவுக்குப் போச்சு. தண்ணியில போட்டதும் சாயம் ஓடிப்போச்சு. நம்ம பொம்பளைங்களா இருந்தா கடைக்காரன் சட்டையைப் புடிச்சிருப்பாங்க. அங்க இன்னா பண்ணான்? 'சாயம் போறதுக்கு கேரண்டி'ன்னு விளம்பரம் போட்டு வித்துட்டான்! வியாபாரப் பாடத்துக்கு இதவிட இன்னா வேணும் உனக்கு?

அதனால கிரீடத்தை ஓரங்கட்டு. புள்ளைங்களை ஆளுக்கொரு பழந்துணி கொண்டாரச் சொல்லு. தாத்தாவோட காக்கிச் சட்டை வந்தா மோந்து பாரு, மடிப்புல கிரீஸ் வாசனை இருந்தாலும் இருக்கும். முன்பக்கம் பொடிப்பொடியா ஓட்டை இருந்தா எலி கடிச்சுதுன்னு சொல்லிடாத, அது வெல்டிங் பொறி. எந்த ஃபேக்டரி, எந்த சங்கம், எப்போ ஸ்ட்ரைக்குன்னு கேட்டுவரச் சொல்லு. பாட்டி சேலை வந்தா பாதிதான் இருக்கும். மீதி தூளியாவும், அப்புறம் கரித்துணியாவும் போயிருக்கும். அதையும் எழுதிவை.

துண்டு ஒண்ணு கட்டாயம் வை. அதைத் தோள்ல போட்டுக்கிட்டு நடந்தவங்க யாரு, கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓரமா நின்னவங்க யாருன்னு கேளு. விழாவுக்கு வர்ற பெரிய மனுஷங்க கிட்டயும் கேளு. கொஞ்சம் தண்ணி கேப்பாங்க, குடு.

எதுவானாலும் சீக்கிரம் கேளு வாத்தியாரே. பழைய துணிக்கு எவர்சில்வர் குடுக்கற பாத்திரக்காரரு, எங்க தெருவுக்கு உன்னைவிட ஒழுங்கா வர்றாரு.