ஐந்து 'ஏன்'களும் அரை விரலும்

எங்கள் கம்பெனிக்குத் தரம் வந்தது ஒரு திங்கட்கிழமை. ராகு காலம் ஒன்பது மணிக்கு முடிய, ஒன்பதேகாலுக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். விளக்குக்குப் பின்னால் எட்வர்ட்ஸ் டெமிங்கின் படம். 1950இல் ஜப்பானுக்குப் போய்ப் புள்ளியியல் வழியில் தரத்தைக் கற்றுக்கொடுத்த அமெரிக்கர். அவர் 1993இல் காலமானவர் என்று கன்சல்டன்ட் போகிறபோக்கில் சொல்ல, எச்.ஆர். மேலாளர் பதறிப்போய் ஆளை விட்டுச் சம்பங்கி மாலை வாங்கிவரச் செய்து படத்துக்குப் போட்டார். அன்றோடு எங்கள் கம்பெனியில் டெமிங்கின் காரியம் முடிந்தது.

தரத்தை நாங்களாகக் கூப்பிடவில்லை. சென்னைக்கு மேற்கே வண்டித் தொழிற்சாலைகளைச் சுற்றி முளைத்திருக்கும் சப்ளையர் கம்பெனிகளில் ஒன்று எங்களுடையது. தகட்டை வெட்டி, வளைத்து, துளை போட்டு பிராக்கெட் செய்து அனுப்புவோம். நான் அங்கே குவாலிட்டி இன்ஜினியர். வாங்குகிறவர்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது: ஆறு மாதத்துக்குள் முழுமைத் தர மேலாண்மை கொண்டுவாருங்கள், இல்லாவிட்டால் ஆர்டர் வேறு இடம் பார்த்துக்கொள்ளும். அதே மெயிலின் கடைசிப் பத்தியில், இந்த வருடமும் விலையில் மூன்று சதவீதம் குறைத்துத் தரவேண்டும் என்று இருந்தது. விலைச்சீட்டை மட்டும் பார்த்துச் சரக்கு வாங்காதே என்பது டெமிங் சொன்ன 14 அம்சங்களில் நான்காவது. எங்கள் ஆட்கள் முதல் பத்தியைப் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டினார்கள். கடைசிப் பத்தியை நடைமுறைப்படுத்தினார்கள்.

கேசரிக்குப் பிறகு உறுதிமொழி. ஆங்கிலத்தில். பிரஸ் லைனில் நின்றவர்களில் பாதிப் பேர் ஒடிசா, பீகார் பையன்கள். மீதிப் பேர் செய்யாறு, வந்தவாசிப் பக்கம். "கையை நீட்டுங்க, கையை நீட்டுங்க" என்று சூப்பர்வைசர் வரிசை வரிசையாக ஓடினார். நீட்டினார்கள். அந்தக் கம்பெனி அவர்களிடம் எப்போதும் கேட்டது அதை மட்டும்தான்.

கன்சல்டன்டின் ஒரு நாள் கட்டணம் பிரஸ் அடிக்கும் காண்ட்ராக்ட் பையனின் மூன்று மாதச் சம்பளம். பெரிய கம்பெனியில் ஓய்வு பெற்றவர். முதல் படமாகப் பாடித் தொழிற்சாலையைக் காட்டினார்: சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் டெமிங் விருது வாங்கியது, இந்தியாவில் அதுதான் முதல். அது உண்மை, பெருமைப்படவேண்டிய உண்மை. ஆனால் அந்த விருதுக்குப் பின்னால் இருந்த வருடக்கணக்கான உழைப்பு அவர் படத்தில் இல்லை. நாங்கள் ஆறு மாதத்தில் முடிக்கப்போகிறவர்கள். எங்களுக்கு மஞ்சள் பெயின்ட் போதும்.

மஞ்சள் பெயின்ட் என்றால் சாதாரண மஞ்சள் பெயின்ட் இல்லை. வேலை இடத்தை ஒழுங்காக வைக்கும் 5எஸ் முறை என்ற பெயரில் தரை முழுவதும் கோடு போட்டோம். தள்ளுவண்டி நிற்க ஒரு கட்டம், துடைப்பம் நிற்க ஒரு கட்டம், தண்ணீர்க் கேனுக்கு ஒரு வட்டம். ஆபீசில் ஸ்டேப்ளரைச் சுற்றிக்கூட அதன் உருவத்தில் கோடு வரைந்தோம். ஸ்டேப்ளர் காணாமல் போனால் காணாமல் போனது தெரியவேண்டுமாம். வடக்குப் பையன்கள் ஒரு அறையில் பதினான்கு பேர் படுக்கிறார்கள் என்பது எந்தக் கோட்டுக்குள்ளும் வரவில்லை. அது காண்ட்ராக்டரின் கட்டம்.

அடுத்து தரக் கொள்கை. ஐஎஸ்ஓ 9001 கேட்பது, கொள்கை எல்லோருக்கும் தெரிவிக்கப்பட்டு, புரிந்து, கடைப்பிடிக்கப்படவேண்டும் என்று. எங்கள் ஊரில் புரிவது என்றால் மனப்பாடம். ஆடிட்டுக்கு முந்தைய வாரம் ஷிஃப்ட் தொடங்குமுன் கேட்டில் நிறுத்தி ஒப்பிக்கச் சொன்னார்கள். ஒப்பிக்காதவனுக்குப் பஞ்சிங் கிடையாது. செய்யாறிலிருந்து வந்த ஒரு பெரியவர், "தம்பி, கந்த சஷ்டி கவசமே முழுசா வந்துரும், இது நாக்குல நிக்கமாட்டேங்குதே" என்று என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். 'தொடர்ந்த மேம்பாட்டின் மூலம் வாடிக்கையாளர் எதிர்பார்ப்பை விஞ்சி' என்ற வாக்கியத்தை எந்த மனிதன் நாக்கும் தாங்காது. அதை எழுதியவருக்கே நினைவில் இல்லை, எழுதியவன் நான்.

ஆடிட் அன்று காலை ரிஜெக்‌ஷன் பீஸ்களையெல்லாம் ஒரு டெம்போவில் ஏற்றி வெளியே அனுப்பினோம். டெம்போ சாயங்காலம் வரை ஸ்ரீபெரும்புதூருக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் இடையில் ஓடிக்கொண்டிருந்தது. டீசல் செலவை எந்தக் கணக்கில் போடுவது என்று அக்கவுண்ட்ஸில் கேட்டபோது, 'தர மேம்பாடு' என்று போடச் சொன்னார் பிளான்ட் ஹெட். சர்ட்டிஃபிகேட் வந்தது.

அப்புறம் கைசன். நல்லதாக மாற்றுவது என்று பொருள். வேலை செய்கிறவனுக்கே வேலையின் குறை தெரியும், அவன் வாயைத் திற, காதைக் கொடு, இவ்வளவுதான் சங்கதி. எங்களுக்கு அது தலைக்கு மாதம் இரண்டு என்ற டார்கெட்டாக வந்தது. எழுபது பேர், 140 கைசன். தமிழிலும் ஒடியாவிலும் யாரும் எழுதித் தரவில்லை. தந்தாலும் படிவம் ஆங்கிலத்தில். எனவே மாதக் கடைசியில் நானும் ஒரு டிரெய்னியும் உட்கார்ந்து 140ஐயும் எழுதுவோம். ஒவ்வொன்றுக்கும் 'முன்', 'பின்' என்று இரண்டு படம் வேண்டும். 'பின்' கிடைப்பதில் கஷ்டமில்லை, ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருக்கும். 'முன்' எடுப்பதற்காகச் சுத்தமான மேஜையில் எண்ணெயைக் கொட்டிப் படம் எடுப்போம். மாதாமாதம் சிறந்த கைசனுக்கு எவர்சில்வர் டிபன் பாக்ஸ்.

சுவர் வாசகங்களையும் எண்ணிக்கை இலக்குகளையும் ஒழி, பயத்தை விரட்டு என்பதும் டெமிங்கின் அந்த 14 அம்சங்களில் உண்டு. சிவப்பு மணிச் சோதனை என்று ஒன்றைச் செய்துகாட்டுவார் டெமிங். 4,000 மணிகள், அதில் 800 சிவப்பு. ஐம்பது குழி உள்ள கரண்டியால் அள்ளவேண்டும்; சிவப்பு வந்தால் குறை. அள்ளுகிறவன் என்ன செய்தாலும் ஐந்தில் ஒன்று சிவப்பாகத்தான் வரும். முதலாளியாக நடிக்கும் டெமிங் ஒருவனைப் பாராட்டுவார், இன்னொருவனைத் திட்டுவார், மூன்றாமவனை வேலையை விட்டு அனுப்புவார். கூட்டம் சிரிக்கும். எங்கள் கன்சல்டன்டும் அந்தக் கதையைச் சொன்னார், நாங்களும் சிரித்தோம். சிரித்துவிட்டு வெளியே வந்த பிளான்ட் ஹெட், அந்த வாரத்தில் அதிக ரிஜெக்‌ஷன் கொடுத்த இரண்டு பேரின் போட்டோவை நோட்டீஸ் போர்டில் ஒட்டச் சொன்னார். தொல்லைகளில் 94 சதவீதம் அமைப்பினுடையது, அது நிர்வாகத்தின் பொறுப்பு என்று எழுதிய மனிதரின் மாலை போட்ட படம் அதே போர்டுக்கு மேலேதான் தொங்கியது.

நான்காம் மாதம் கன்சல்டன்ட் ஸ்டாப்வாட்சோடு பிரஸ் லைனுக்கு வந்தார். டொயோட்டாவின் தாய்ச்சி ஓனோ வகுத்த ஏழு வீண்களில் ஒன்று அசைவு: தேவையில்லாமல் கையைக் காலை ஆட்டுவது. ஏழாம் நம்பர் பிரஸ்ஸில் ஒரு பீஸுக்கு ஒன்பது வினாடி ஆனது. ஓவர்டைம் இல்லாமல் ஷிஃப்டுக்கு 3,000 பீஸ். அதில் ஒன்றரை வினாடி, பீஸை வைத்துவிட்டுக் கைகள் இரண்டும் இரண்டு ஸ்விட்ச்சுக்குப் போகிற பயணம் என்று கண்டுபிடித்தார். பவர் பிரஸ்ஸில் ஸ்விட்ச் இரண்டு இருப்பதும், அவை ஒரு கைக்கு எட்டாத தூரத்தில் இருப்பதும் வேண்டுமென்றே செய்தது. இரண்டு கையும் ஸ்விட்ச்சில் இருந்தால்தான் பிரஸ் இறங்கும், அப்போதுதான் கை டை என்கிற அச்சுக்குள் இருக்காது. அந்த ஒன்றரை வினாடிதான் விரல். கன்சல்டன்டின் தாளில் அதற்கு 'வீண்' என்று பெயர். டார்கெட் 3,600 ஆனது.

இரண்டு ஸ்விட்ச்சையும் அமுக்கி 3,600 அடிக்க முடியாது. எனக்குத் தெரியும், சூப்பர்வைசருக்குத் தெரியும், கணக்குப் போடத் தெரிந்த எவனுக்கும் தெரியும். ஸ்விட்ச்சைக் கட்டு என்று யாரும் சொல்லவில்லை. அதுதான் இந்தத் தந்திரத்தின் அழகு. எண்ணை மட்டும் சொன்னார்கள். மூன்றாம் நாள் வலது ஸ்விட்ச்சின் தலையில் ஒரு மரச்சக்கையை வைத்துக் கந்தல் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. இப்போது ஒரு கையால் பீஸை வைக்கலாம், மறு கையால் தட்டலாம். அந்த வாரம் 3,640. போர்டில் பச்சை ஸ்டிக்கர். கன்சல்டன்ட் கைதட்டினார்.

லைனை நிறுத்துவதற்குச் சிவப்புப் பொத்தானும் வைத்திருந்தோம். டொயோட்டாவில் கோளாறைக் கண்ட யாரும் கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம், மேற்பார்வையாளர் உதவிக்கு ஓடிவருவார். எங்களிடமும் ஓடிவந்தார்கள், "எவன்டா அமுக்குனது?" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பொத்தானில் தூசு படிந்தது. தூசைத் துடைத்தது ஒரு கைசன்.

ஏழாம் நம்பரில் நின்ற பையனுக்குப் பத்தொன்பது வயது. ஒடிசாவின் ஏதோ உள் கிராமம். எட்டு மாதத்தில் பிடித்துக்கொண்ட நாலைந்து தமிழ்ச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு நாள் அந்தக் கந்தலைக் காட்டி என்னிடம் சொன்னான்: "அண்ணா, இது பயம்." எங்கள் கம்பெனியில் ஒரு தொழிலாளி வாய்திறந்து சொன்ன ஒரே உண்மையான கைசன் அதுதான். நான் "பாத்துப் பண்ணுப்பா" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஒன்பது நாள் கழித்து, ஓவர்டைமோடு சேர்த்துப் பன்னிரண்டு மணி நேரமான இரவு ஷிஃப்டின் கடைசி மணியில், வலது கை ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போனது.

வாயிலில் 'விபத்தில்லா நாட்கள்: 412' என்று ஒரு பலகை. மறுநாள் காலை செக்யூரிட்டி தயங்கிக்கொண்டு நின்றார். எச்.ஆர். வந்து, "அது காண்ட்ராக்ட் ஆளுப்பா, நம்ம ரோல்ல இல்ல" என்றார். 413. அன்றைக்குத்தான் காண்ட்ராக்டர் பையனின் பெயரை ஈ.எஸ்.ஐ.யில் பதிந்தார். வேலைக்குச் சேர்ந்த தேதி: விபத்து நடந்த தேதி. எட்டு மாதம் ஒரே கையெழுத்தில் காற்றில் போனது. 1923ஆம் வருட இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணையில் ஆள்காட்டி விரலின் இரண்டு கணுவுக்கு 11 சதவீதம் சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று போட்டிருந்தது. பத்து லட்சத்தில் 3.4 குறை என்று சிக்ஸ் சிக்மா பாடம் எடுத்த அறையில், இந்த 11ஐ யாரும் எழுதவில்லை.

ஆனால் விசாரணை நடந்தது. விஞ்ஞானபூர்வமாக நடந்தது. ஐந்து முறை 'ஏன்' கேட்டு ஆணிவேரைப் பிடிப்பது. எங்கள் பாஷையில் 'வொய்-வொய்'. சமோசா, டீயுடன் ஏழு பேர். படிவத்தை நிரப்பியது நான்.

ஏன் விரல் நசுங்கியது? கை டைக்குள் இருந்தபோது பிரஸ் இறங்கியது. ஏன் கை உள்ளே இருந்தது? ஆபரேட்டரின் கவனக்குறைவு. ஏன் கவனக்குறைவு? புது ஆள், அன்றுதான் சேர்ந்தவர். ரெக்கார்டு அப்படித்தானே சொல்கிறது. ஏன் பழகிய ஆள் சொன்னதைக் கேட்கவில்லை? தூக்கக் கலக்கம். ஏன் தூக்கக் கலக்கம்? இங்கே ஒரு கணம் அறை அமைதியானது. பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று எல்லோரும் சமோசாவைப் பார்த்தார்கள். பிளான்ட் ஹெட்தான் காப்பாற்றினார்: "ராத்திரியெல்லாம் செல்போன் பாக்குறானுங்க சார்." எழுதினேன். ஏன் ஒரு அறையில் பதினான்கு பேர், ஏன் இரண்டு ஷிஃப்டுக்கு ஒரே பாய், ஏன் 3,600, ஏன் மூன்று சதவீதம் என்பதெல்லாம் ஆறாவது ஏழாவது 'ஏன்'கள். படிவத்தில் கட்டங்கள் ஐந்துதான்.

இந்த 'ஏன்' வித்தைக்கு ஓனோ தன் புத்தகத்தில் ஒரு உதாரணம் தருகிறார். மெஷின் நின்றது, ஏன்? சுமை அதிகமாகி ஃபியூஸ் போனது. ஏன்? பேரிங்குக்கு எண்ணெய் போதவில்லை. ஏன்? பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்ப்பின் தண்டு தேய்ந்திருக்கிறது. ஏன்? வடிகட்டி இல்லை, இரும்புத்தூள் உள்ளே போய்விட்டது. அந்த ஐந்து பதில்களிலும் ஒரு மனிதன் இல்லை. எங்கள் தாளில் இரண்டாவது பதிலிலேயே மனிதன் அகப்பட்டுவிட்டான். மீதி மூன்று பதிலும் அவனை அடிப்பதற்கு. ஜப்பானிலும் எல்லோரும் ஓனோ இல்லை. கோபே ஸ்டீல் தன் உலோகத்தின் தர அளவுகளைப் பொய்யாக எழுதித் தந்ததை 2017இல் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது என்ற வினைச்சொல்லை மட்டும் கவனியுங்கள். எங்கள் தாளில் அது எங்கேயும் வராது.

தீர்வு நடவடிக்கை: 'செல்போன் தவிர்ப்போம்' ஸ்டிக்கர், 40 எண்ணிக்கை. வாங்குகிறவர்களின் தரப் பிரிவு அந்தப் படிவத்தைப் பார்த்து, நன்றாகச் செய்திருக்கிறீர்கள், மற்ற சப்ளையர்களுக்கும் மாதிரியாக அனுப்பலாமா என்று கேட்டது. பையன் ஊருக்குப் போய்விட்டான். ஏழாம் நம்பரில் அவன் ஊர்ப் பையன் இன்னொருவன்.

அடுத்த மாதம் வாங்குகிறவர்களே ஆடிட்டுக்கு வந்தார்கள். ஏழாம் நம்பர் பிரஸ் முன்னால் ஆடிட்டர் நின்றார். ஸ்விட்ச்சைப் பார்த்தார், குனிந்து பார்த்தார். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. இந்த ஒரு மனிதன் எழுதிவிடுவான் என்று நினைத்தேன். எழுதினார்: 'மெஷினில் எண்ணெய்க் கறையுடன் கந்தல் துணி தொங்குகிறது. 5எஸ் மீறல். மூன்று நாளில் சரிசெய்யவும்.'

மூன்று நாள் தேவைப்படவில்லை, ஒரு மணி நேரத்தில் சரிசெய்தோம். கந்தலை அவிழ்த்து எறிந்துவிட்டு, மரச்சக்கைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்து, கறுப்பு கேபிள் டை இரண்டு போட்டு நறுக்கென்று இறுக்கி, நுனியையும் வெட்டிவிட்டோம். பார்க்கக் கச்சிதமாக இருந்தது. அந்த மாதத்தின் சிறந்த கைசன் அதுதான், டிபன் பாக்ஸ் சூப்பர்வைசருக்கு. இந்த ஒரு முறை மட்டும் 'முன்' படத்துக்காக நாங்கள் எதையும் கொட்டவேண்டியிருக்கவில்லை.